சாக்ஸ் குல்லாவும் வெள்ளிமலைக் குளிரும்

லடாக்கில் நடுங்கியதைவிட வெள்ளிமலையில்தான் நான் அதிகம் நடுங்கினேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் மனைவியே நம்பவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு மார்கழி மாதம் அவளை மலைக்கு அழைத்துப்போனேன். மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்தவள், "இன்னாங்க இது, நனைச்ச போர்வைய போத்திக்கினு படுத்தா மாதிரி இருக்குது" என்றாள். அன்றிலிருந்து நம்புகிறாள்.

இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. சமீபத்தில் வெள்ளிமலை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நான் வேலை பார்த்த ஓட்டுக் கட்டடம் போய் மாடிக் கட்டடம் வந்துவிட்டது. பிறந்த குழந்தையைப் படுக்க வைக்க ஒரு மேசை, அதன் தலைக்கு மேலே சூடு தரும் விளக்கு. அங்கே வேலையில் இருந்த நர்ஸ் பெண் என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "நீங்க இருந்தப்ப இதெல்லாம் கெடையாதாமே, குளுருல கொழந்தைங்கள இன்னா பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"சட்டைக்குள்ள போட்டுக்கினோம்மா" என்றேன்.

கிழவன் தமாஷ் பண்ணுகிறான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். தமாஷ் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் ஏழுமலை. ஊர் களமருதூர். எங்கள் ஊரில் குளிர் என்றால் தை மாதம் காலையில் காதில் துண்டைக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவது; வெயில் ஏறியதும் துண்டு தோளுக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து மீசை முளைத்ததும் ராணுவத்தில் சேர்ந்தேன். மருத்துவப் பிரிவில் போட்டார்கள். லக்னோவில் பயிற்சி. அந்தப் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டுப் போடவும் ஊசி போடவும் ஸ்ட்ரெச்சர் தூக்கவும் கற்றுக்கொண்டேன், இந்தியில் திட்டு வாங்கவும் கற்றுக்கொண்டேன். பனிமூட்டத்தில் அணிவகுத்து நிற்கும்போது முன்னால் நிற்பவன் முதுகு தெரியாது. இதற்கு மேல் குளிர் உலகத்தில் இருக்காது என்று ஊருக்குக் கடிதம் போட்டேன். அடுத்த வருஷமே லடாக்குக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே எங்கள் சுபேதார் ஹிமாசலத்துக்காரர். தாக்குர் சாப் என்போம். குட்டையான மனிதர், சிரிப்பு கம்மி. சாயங்காலம் ஆனால் எல்லோரும் பூட்ஸைக் கழற்றி, காலை நீட்டி வரிசையாக உட்கார வேண்டும். அவர் ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து, விரல் விரலாகப் பிரித்துப் பார்ப்பார். நம்மைவிட மூத்தவர், பதவியில் பெரியவர், நம் காலைப் பிடித்துப் பார்க்கிறாரே என்று முதல் நாள் எனக்குக் கூச்சமாகப் போயிற்று. காலை இழுத்துக்கொண்டேன். "உன் கால் உன்னுடையது இல்லை, என் கணக்கில் இருக்கிறது" என்று இந்தியில் சொல்லி மறுபடி இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

ஈரமான சாக்ஸோடு படுத்தால் அவரிடம் தப்பிக்க முடியாது. அவிழ்த்த சாக்ஸை வயிற்றின்மேல், பனியனுக்குள் வைத்துக்கொண்டு தூங்கச் சொல்வார். காலையில் அது காய்ந்து சூடாக இருக்கும். வெறுங்கையால் இரும்பைத் தொடக்கூடாது. தாகம் இல்லாவிட்டாலும் வெந்நீர் குடிக்க வேண்டும். கூடாரத்தில் அடுப்பை எரியவிட்டு வாயிலை இறுக மூடக்கூடாது. இதையெல்லாம் அவர் சொன்னதைவிடச் செய்து காட்டியதுதான் ஜாஸ்தி.

ஒருநாள் வண்டி பழுதாகிப் பனியில் நின்றுவிட்ட ஒரு டிரைவரைக் கொண்டுவந்தார்கள். பீகார்ப் பையன். இரண்டு காலும் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. கிள்ளினால் தெரியவில்லை. கணப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டப் போனவனைத் தாக்குர் சாப் தடுத்துவிட்டார். மரத்துப்போன காலுக்கு நெருப்பு சுடுவதே தெரியாது, வெந்துபோகும் என்றார். தேய்க்கவும் விடவில்லை. என்னைப் பார்த்து, "மதராஸி, கோட்டைத் திற" என்றார். திறந்தேன். "பனியனையும் தூக்கு." தூக்கினேன். அந்தப் பையனின் இரண்டு பாதங்களையும் எடுத்து என் வெறும் வயிற்றில் வைத்து, மேலே கோட்டை மூடிவிட்டார்.

எனக்கு மூச்சே நின்றுவிட்டது. இரண்டு ஐஸ் கட்டியை அடிவயிற்றில் வைத்துக் கட்டினது போல இருந்தது. அவன் எதிரே மல்லாந்து படுத்துக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான். ரொம்ப நேரம் கழித்து முகத்தைச் சுளித்தான். அப்புறம் வாய்விட்டு அழ ஆரம்பித்தான். நான் பயந்துபோய்த் தாக்குர் சாபைப் பார்த்தேன். அவர் அபூர்வமாகச் சிரித்தார். "வலிக்கிறதா? நல்லது. காலுக்கு உயிர் வந்துவிட்டது" என்றார்.

சில வருஷங்களில் ராணுவத்தை விட்டு வந்தேன். முன்னாள் ராணுவத்தான் என்பதால் சுகாதாரத் துறையில் வேலை கிடைத்தது, வெள்ளிமலைக்குப் போட்டார்கள். காகிதத்தில் சுகாதார உதவியாளர். மலையில் எல்லோருக்கும் கம்பவுண்டர். அந்த இடத்துக்குப் போக மறுத்துப் பலபேர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். எனக்கு மட்டும் உள்ளுக்குள் சிரிப்பு. லடாக்கைப் பார்த்தவனுக்குக் கல்வராயன் மலை எம்மாத்திரம் என்று நினைத்துக்கொண்டு, ஒரு துணிப்பையும் என் பழைய ராணுவக் கோட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

லடாக்கில் குளிர் பகையாளி என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கென்று கோட்டு, பூட்ஸ், கணப்பு, கட்டளை எல்லாம் உண்டு. வெள்ளிமலையில் குளிரை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. வெயில் காலத்தில் கட்டிய அதே வேட்டி, அதே துண்டு. ஐப்பசி அடைமழை ஓய்ந்ததும் மேகம் இறங்கி வந்து ஜன்னல் வழியாக வீட்டுக்குள் நடமாடும். சுவர் வியர்க்கும், தலையணை வியர்க்கும், தீப்பெட்டி நமுத்துப்போகும். லடாக் குளிர் கோட்டுக்கு வெளியே நிற்கும். இந்தக் குளிர் நம்மோடு சேர்ந்து போர்வைக்குள் வந்து படுத்துக்கொள்ளும். முதல் வாரமே எனக்குப் பல் தந்தி அடித்தது. மலை ஜனங்கள் நெருப்பைச் சுற்றிப் படுத்து, புகையில் இருமிக்கொண்டே பொழுதை ஓட்டிவிடுவார்கள். பெரியவர்கள் தாங்கிக்கொண்டார்கள். தாங்காமல் போனது, எடை குறைவாகப் பிறந்த குழந்தைகள்தான்.

எங்கள் டாக்டர் பெயர் பிரேமா. நாகர்கோவில் பக்கம். கல்யாணம் ஆகி, கணவர் கடலூரில் வேலையாக இருந்தார். டாக்டரம்மா புடவைக்கு மேல் அவர் கணவருடைய காப்பிக்கலர் ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லாய், செருப்புக்குள் சாக்ஸ் என்று வார்டுக்குள் வருவார். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் சாக்ஸ் சுருட்டிக்கொண்டு செருப்பு வாரில் மாட்டியிருக்கும். யார் சிரித்தாலும் கவலைப்பட மாட்டார். சாதாரணமாக என்னை "ஏழுமலை" என்பார். கோபம் வந்தால் "சார்" என்பார். "சார், அந்தக் கதவைச் சாத்தினீங்களா சார்" என்று காதில் விழுந்தால் வார்டே அடங்கிவிடும்.

காலையில் வந்ததும் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பார். குடிப்பதற்கு இல்லை, கையைச் சூடாக்கிக்கொள்வதற்கு. "சில்லுனு கைய வச்சா குழந்தை பதறிரும்" என்பார். கை சூடானதும், புறங்கையால் முதலில் குழந்தையின் வயிற்றைத் தொடுவார், அடுத்து பாதத்தை. இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் கவலை இல்லை. வயிறு சூடு, பாதம் சில்லென்று இருந்தால் தொல்லை ஆரம்பித்துவிட்டது. இரண்டுமே சில்லென்றால் மற்ற வேலை எல்லாம் அப்புறம். என்னையும் தினமும் தொட்டுப் பார்க்க வைத்துப் பழக்கினார். தாக்குர் சாபுக்கு அப்புறம் பாதத்தைப் பிடித்துப் பார்க்கும் இன்னொரு அதிகாரி எனக்கு வாய்த்தார் என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

அவருடைய பெரிய யுத்தம் குளிப்பாட்டுவதோடு. குழந்தை பிறந்ததும் கையோடு தண்ணீர் ஊற்றுவது அங்கே வழக்கம். டாக்டரம்மா கிராமம் கிராமமாகப் போய்த் துடைத்துச் சுற்றினால் போதும் என்று கெஞ்சினார். "தீட்டு போவ வேணாமா டாக்டரம்மா?" என்று ஒரு மூத்த பெண்மணி மடக்கினார்.

"தீட்டு பத்து நாள் கழிச்சுப் போகட்டும்மா. அது எங்க ஓடிரப் போவுது? உயிர் போனாத்தான் திரும்பி வராது."

அந்தம்மாள் யோசித்துப் பார்த்து, "அதுவும் சரித்தான்" என்றார். அந்த ஊரில் அந்த வழக்கம் அன்றோடு முடிந்தது.

தலையை மூட வேண்டும் என்பது அடுத்த பாடம். பிறந்த குழந்தைக்குத் தலைதான் பெரிசு, சூடு அது வழியாகத்தான் போகும் என்பார். குல்லாய்க்கு எங்கே போவது? ஒருநாள் கொடியில் காயப்போட்டிருந்த என் பச்சை ராணுவ சாக்ஸையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏழுமலை, இது மாதிரி எத்தனை வச்சிருக்கீங்க?"

"இருக்குதுங்க, ஏன் கேக்கறீங்க?"

கத்தரிக்கோலை எடுத்து, சாக்ஸின் மேல்பாதியை வெட்டி, ஒரு முனையை நூலால் இறுக்கிக் கட்டினார். நல்ல கம்பளிக் குல்லாய். அந்த மழைக்காலம் முடிவதற்குள் என் சாக்ஸ் அத்தனைக்கும் மேல்பாதி போய்விட்டது. ஆனால் வெள்ளிமலையைச் சுற்றி எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ஒரு பச்சைக்குல்லாய்க் குழந்தை இடுப்பில் உட்கார்ந்திருக்கும். பட்டாளம் இறங்கியிருக்கிறதா என்று பஸ் கண்டக்டர் கேட்டார்.

அவையெல்லாம் எங்கள் ஆட்கள் இட ஒதுக்கீடு கேட்டுப் போராடிய வருஷங்கள். கீழே சமவெளியில் திடீர் திடீரென்று சாலை மறியல் நடக்கும். சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிடுவார்கள். பஸ் நின்றுவிடும். எங்கள் ஊரில் என் சொந்தத் தம்பியே மறியலில் இருந்தான். படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவன். அவன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கீழே ஒரு மரம் சாய்ந்தால் மலையில் உப்பும் மண்ணெண்ணெயும் வராது, மருந்து வராது. லீவில் போன நர்ஸ் திரும்ப முடியாது. அப்படி ஒரு மார்கழியில்தான் ராமாயி வந்தாள்.

விடியும்போதே தூறல். பெரிய மலைச்சரிவு தாண்டி இருந்த ஒரு குக்கிராமத்திலிருந்து, மூங்கில் கழியில் தூளி கட்டி அவளைத் தூக்கி வந்திருந்தார்கள். ஒரு முனையில் அவள் புருஷன் சடையன். மாதம் நிறையும் முன்னே வலி எடுத்துவிட்டது. வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. என் உள்ளங்கையில் தலையை வைத்தால் கால் முழங்கைக்குக்கூட எட்டாது, அவ்வளவுதான். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டது. நான் துடைத்து, குல்லாய் மாட்டினேன். சாக்ஸ் குல்லாய் கழுத்து வரைக்கும் இறங்கிவிட்டது.

குழந்தை பிழைக்குமா என்று நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா அந்தப் பக்கம் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நஞ்சுக்கொடி முழுதாக வரவில்லை, ஒரு துண்டு உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்டார், பாட்டில் ஏற்றினார், அடிவயிற்றைக் கையால் அழுத்திப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசையும்போது குறையும், கையை எடுத்தால் மறுபடி வரும்.

"கள்ளக்குறிச்சிக்குப் போயாகணும்" என்றார். "மயக்கம் கொடுத்து எடுக்கணும், ரத்தம் ஏத்தணும். இங்க ரெண்டும் இல்ல."

"நேத்து சாயந்திரமே கச்சிராயபாளையத்துக்கு அந்தாண்ட மரம் சாஞ்சிட்சிங்க" என்றார் ஜீப் டிரைவர் பச்சையப்பன்.

"மரத்துக்கிட்ட போய்ப் பேசிக்குவோம். வண்டிய எடுங்க."

குழந்தையை என்ன செய்வது என்பதுதான் அடுத்த கேள்வி. மலையில் விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. துணைக்கு வந்திருந்த மாமியார்க்காரிக்கு இருமலும் காய்ச்சலும். துணியில் சுற்றி ஜீப்பில் வைத்தால் மலைப்பாதைக் காற்றில் கீழே போய்ச் சேர்வதற்குள் சில்லிட்டுப்போகும். தாயின் மார்பிலேயே போடலாம் என்றால், அவளே ரத்தம் இழந்து குளிர்ந்துகொண்டு வருகிறாள்.

டாக்டரம்மா ஒரு கையால் வயிற்றை அழுத்திக்கொண்டே சொன்னார்: "வெளிநாட்டுல ஒரு ஆஸ்பத்திரியில, சூட்டுப் பெட்டி போதாம, குழந்தைய அம்மா நெஞ்சோட கட்டி வச்சுக் காப்பாத்தறாங்கன்னு படிச்சிருக்கேன். தோலோட தோல் படணும், அவ்வளவுதான். அம்மாவா இருக்கணும்னுகூட இல்ல. சடையா, இங்க வா."

சடையன் சட்டையில்லாமல் நின்றுகொண்டிருந்தான். தூறலில் தூளி சுமந்து வந்த உடம்பு. டாக்டரம்மா அவன் நெஞ்சில் புறங்கையை வைத்தார். உடனே எடுத்துவிட்டார். "நீயே ஐஸா இருக்கியேப்பா." அடுத்து என் கழுத்தைத் தொட்டார்.

"நீங்கதான் சூடா இருக்கீங்க. சட்டையக் கழட்டுங்க."

ராணுவத்தில் பனியனைத் தூக்கச் சொன்னபோது இருந்த கூச்சத்தைவிட இது அதிகம். ஆனால் பீகார்ப் பையனின் கால் ஞாபகம் வந்தது. உடம்புச் சூடு என்ன செய்யும் என்று அப்போதே பார்த்திருக்கிறேன். கழற்றினேன். குழந்தையை என் நெஞ்சில் தவளை மாதிரி நிமிர்த்திப் படுக்க வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, மூக்கு அடைபடாமல் பார்த்து, ஒரு பழைய பருத்தி வேட்டியால் என்னோடு சேர்த்துக் கட்டினோம். அதற்கு மேல் சட்டை, அதற்கு மேல் ராணுவக் கோட்டு. கிளம்பும் முன் தாயிடம் சீம்பாலைப் பீய்ச்சி, பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார் டாக்டரம்மா. "மூச்சு விடுதான்னு கவனிச்சுக்கிட்டே வாங்க. நீங்க தூங்கிரக் கூடாது" என்றார்.

தூங்குவதாவது. ஒரு குருவியை நெஞ்சில் கட்டியது போலப் படபடவென்று அதன் துடிப்பு என் தோலில் தெரிந்துகொண்டே இருந்தது. பின் சீட்டில் ராமாயி படுத்திருக்க, டாக்டரம்மா கீழே முழங்காலிட்டு அவள் வயிற்றை அழுத்திக்கொண்டு வந்தார். சடையன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருந்தான். பச்சையப்பன் சாதாரணமாகக் கொண்டை ஊசி வளைவில் ஹாரனும் சினிமாப் பாட்டுமாக இறங்குகிற ஆள். அன்றைக்கு மாட்டுவண்டி மாதிரி ஓட்டினார். மேகத்துக்குள்ளிருந்து கீழே இறங்க இறங்கத்தான் எனக்கு வெளிச்சம் தெரிந்தது. ஒரு வளைவில் குழந்தை என் மார்பில் வாயை வைத்துப் பாலுக்குத் தேட ஆரம்பித்தது. என் சங்கடத்தைப் பச்சையப்பன் பார்த்துவிட்டார்.

"இன்னா கம்பவுண்டரே, நெளியறீங்க?"

"பால் கேக்குது."

"குடுங்களேன்" என்றார். பின்னாலிருந்து டாக்டரம்மா, "உறிஞ்சத் தேடுதா? நல்லது, நல்லது. தடுக்காதீங்க, தேடட்டும்" என்றார்.

கச்சிராயபாளையம் தாண்டி மரம் குறுக்கே கிடந்தது. பெரிய புளியமரம், கிளையோடு. அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்கள், கோஷம். ஜீப்பைப் பார்த்ததும் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் வந்தவர் தணிகாசலம். தலைப்பாகைக் கட்டு, தடித்த குரல், அந்தப் பக்கத்துக் கரும்பு விவசாயி.

"கெவுருமெண்டு வண்டி ஒண்ணும் போவாது. திருப்பு."

"ஆஸ்பத்திரி வண்டிங்க. பின்னால ஒரு பொண்ணு ரத்தம் போய்க்கினு கெடக்குது" என்றேன்.

கூட்டத்தில் ஒருவன் என்னை உற்றுப் பார்த்தான். "நீ களமருதூரு ஏழுமலதான? உன் தம்பி எங்க கூடத்தான் இருந்தான். நம்ம ஆளா இருந்துக்கினு கெவுருமெண்டு வண்டியில வர்றியே, எறங்கி வந்து குந்து."

"குந்தறேன்பா. இவங்கள கொண்டும்போயி உட்டுட்டு வந்து குந்தறேன்."

"மலைக்காரங்களுக்குத்தான் எல்லாம் குடுத்து வச்சிருக்கறாங்களே" என்று இன்னொருவன் முணுமுணுத்தான். அவன் கண் என் கோட்டின் மேல் இருந்தது. மார்கழியானாலும் கீழே உச்சிவேளை. வெயிலில் ஒருவன் ராணுவக் கோட்டை இறுக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு, நெஞ்சைக் கையால் அணைத்தபடி, இறங்காமல் உட்கார்ந்திருக்கிறான். "கோட்டுக்குள்ள இன்னாத்த ஒளிச்சி வச்சிருக்கற?" என்று கதவைப் பிடித்து இழுத்தான்.

நான் மேல் பொத்தான் ஒன்றை மட்டும் கழற்றினேன். பச்சைக் குல்லாயும் அதற்குக் கீழே கட்டைவிரல் அளவு ஒரு கன்னமும் தெரிந்தன.

அவன் கையை எடுத்துவிட்டான். தணிகாசலம் எட்டிப் பார்த்தார். "பொம்மையா?"

"காலையில பொறந்ததுங்க. காத்து பட்டா செத்துப்பூடும். இதோட அம்மாதான் பின்னால."

தணிகாசலம் பின்பக்கம் போனார். டாக்டரம்மா தலையைத் தூக்கவில்லை. இரண்டு கையும் ரத்தம். முழங்காலிட்டபடியே, "சார், எனக்குக் கை ஓஞ்சு போச்சு சார். வழி விடறதா இருந்தா இப்பவே விடுங்க சார்" என்றார். அந்த "சார்" என்ன வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். தணிகாசலத்துக்கும் தெரிந்துவிட்டது.

"மரத்த நவுத்தணும்னா பொழுது பூடும்" என்று திரும்பியவர், கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "டேய், கத்தறத நிறுத்துங்கடா. கொழந்த தூங்குது. யார் வூட்லனா கயித்துக் கட்டில் இருந்தா தூக்கியாங்க. என் டிராக்டர் அந்தாண்ட நிக்குது, டெய்லர்ல வைக்கோலப் போடு."

கோஷம் போட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள். கட்டில் வந்தது. ராமாயியைப் படுக்க வைத்து, மரத்துக்கு மேலாகக் கை மாற்றிக் கை மாற்றிக் கடத்தினார்கள். டாக்டரம்மா அவள் வயிற்றிலிருந்து கையை எடுக்காமலே கிளைகளுக்கு நடுவில் ஏறி இறங்கினார். ஒரு செருப்பு மரத்திலேயே தங்கிவிட்டது. என்னை இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து, மாப்பிள்ளையை ஊர்வலம் கொண்டுபோவது போலத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். அதில் ஒருவன் கதவைப் பிடித்து இழுத்தவன்.

டிராக்டர் டிரெய்லர் திறந்த வண்டி. ஓட ஆரம்பித்ததும் எதிர்காற்று கோட்டுக் கழுத்துக்குள் புகுந்தது. நான் குனிந்து சுருண்டுகொண்டேன். உள்ளே விரலை விட்டுப் பாதத்தைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. வயிற்றைத் தொட்டேன், சூடு இருந்தது. "டாக்டரம்மா, கால் சில்லுங்குது" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது இல்லை. குண்டுச் சத்தம் கேட்டபோதுகூட.

"காத்துதான். காத்த மறைங்க" என்றார் அவர்.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூட வந்த ஆட்கள் எழுந்து டிரெய்லரின் முன்பக்கம் போய் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். துண்டை அவிழ்த்து ஒருவர் தோளோடு ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு முன்னால் ஒரு சுவர் எழும்பிவிட்டது. சடையன் பாட்டிலைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, வைக்கோலை வாரி என் முதுகிலும் தோளிலும் அடைத்தான். ஒரு கட்டு வைக்கோலுக்கு நடுவில் என் தலை மட்டும் வெளியே இருந்தது. அடுத்தடுத்து மரம் கிடந்த இடங்களில் தணிகாசலம் சாலையை விட்டுக் கரும்புத் தோட்டத்து வண்டிப்பாதையில் இறக்கி ஏற்றினார். எதிர்ப்பட்ட மறியல்காரர்கள் கையைத் தூக்கிக் கோஷம் போட வாயைத் திறந்தால், டிரெய்லரில் இருந்தவர்கள் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்கள். மறுபடி பாதத்தைத் தொட்டேன். அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்சம் தூரம் போனதும் தொட்டேன். வெதுவெதுப்பு திரும்பியிருந்தது. அதை நான் சொன்னதும், முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவருக்கொருவர் அந்தச் செய்தியைக் காதோடு காதாகக் கடத்தினார்கள்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ராமாயியை நேரே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். சடையன் ரத்தம் சேர்ந்தது. கையை நீட்டிப் படுத்தான். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா ஒற்றைச் செருப்போடு வெளியே வந்து, "துண்டு வந்துருச்சு. ரத்தம் நின்னுருச்சு" என்றார். வாசலில் காத்திருந்த தணிகாசலம் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நாங்க கெளம்பறம். மரத்தாண்ட ஆளு கம்மியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு மறியலுக்கே திரும்பிப் போனார்.

அங்கே குழந்தைக்கான சூட்டுப் பெட்டி ரிப்பேர். அதனால் என்னை ஒரு நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்துவிட்டார்கள். வார்டில் இருந்த பெண்கள் எல்லோரும் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். குழந்தை என் மேல் ஒன்றுக்குப் போயிற்று. வார்டு சிஸ்டர் சுத்தம் செய்துவிட்டு மறுபடி கட்டினார். ஒரு பாட்டியம்மா எனக்கு ரசம் சாதம் ஊட்டிவிட்டார். கையை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் வெயில் ஏறிய நேரத்தில் ராமாயிக்கு நன்றாகத் தெளிந்தது. உடம்பில் சூடும் வந்துவிட்டது. டாக்டரம்மா அவள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இனி உங்க டூட்டி முடிஞ்சுது ஏழுமலை" என்றார். கட்டை அவிழ்த்துக் குழந்தையை எடுத்து, தாயின் மார்பில் போட்டார்கள். அது கொஞ்சம் சிணுங்கிவிட்டு ஒட்டிக்கொண்டது. ராமாயி குனிந்து அதன் தலையை முகர்ந்தாள். முகத்தைச் சுளித்தாள். ஒருநாள் முழுக்க அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"இன்னா டாக்டரம்மா, எம் புள்ள மேல ஆம்பள வேர்வ நாத்தம் அடிக்குது?"

வார்டே சிரித்தது. டாக்டரம்மா சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே எழுந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். வெளியே கள்ளக்குறிச்சி வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஒருவன் மோர் விற்றுக்கொண்டிருந்தான். அந்த வெயிலில் போய் நின்றும், நெஞ்சில் ஓர் இடம் மட்டும், ஒரு கையகலம், சில்லென்று இருந்தது. சாயங்காலம் வரை அது போகவே இல்லை.